பூக்களுக்கு இன்னும் சொல்லவில்லை

ஓபர்ஸ்டால்,
மே 10, 1964

அன்புள்ள பிலோமினாவுக்கு,

அண்ணி ஓட்டிலியா எழுதுவது. இங்கே நானும், மாமாவும் (உன் அப்பாதான்), நாலு பசுக்களும் சுகமாக இருக்கிறோம். கோழிகளோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை, அதனால் அவற்றின் சுகம் தெரியாது. வியன்னாவில் உன் முழங்கால் வலி எப்படி? விதைக்கடையில் நாள் முழுக்க நிற்க வேண்டாம், முதலாளி பார்க்காதபோது மூட்டை மேல் உட்கார்.

மார்ச்சில் ஈரப் பாசியில் சுற்றி அனுப்பினேனே, நம் வீட்டுத் தொங்கு கார்னேஷன் குச்சிகள், வேர் பிடித்தனவா? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே பால்கனியில் என் செடிகளை ஏதோ தின்கிறது. பஸ் கண்டக்டர் டிக்கெட்டில் ஓட்டை போட்டதுபோல் இலையோரமெல்லாம் அரைவட்டம் அரைவட்டமாக. ஒரு தொட்டியைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் காப்பிக்கொட்டை அளவுக்கு ஒரு கூன்வண்டு, சாம்பல் நிறம், நீண்ட மூக்கு. விரலால் தொட்டதும் காலை மடக்கிக்கொண்டு செத்ததுபோல் கிடந்தது. சாணி அள்ளக் கூப்பிட்டால் உன் அண்ணன் படுப்பார் பார், அப்படியே.

அப்போலோனியாவை உனக்குத் தெரியும். எதிர் வீட்டில் இருந்துகொண்டு என் பால்கனியை என்னைவிட நன்றாகப் பராமரிப்பவள், கண்ணால். நேற்று வேலியோரம் வந்து நின்றாள்.

"ஓட்டிலியா, நீ இன்னும் பூவுக்குச் சொல்லலையாமே."

"எதைச் சொல்றது?"

"எதையா? வின்சென்ஸ் போய் ஏழு மாசம் ஆச்சு. மாட்டுக்குச் சொல்லல, தேனீக்குச் சொல்லல, பூவுக்குச் சொல்லல. சொல்லாத வீட்டுக்குச் செத்த ஆள் வந்துக்கிட்டேதான் இருக்கும், பாத்துக்கோ."

"வந்தா நல்லதுதானே, விறகு பிளக்கணும்" என்றேன். சிலுவை போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உன் அம்மா போனபோது நீதானே சின்னப் பிள்ளையாகத் தொட்டி தொட்டியாகப் போய், மூன்று முறை தட்டி, 'வீட்டுக்காரி போய்ட்டா' என்று சொல்லி, ஒவ்வொன்றையும் ஒரு விரலளவு நகர்த்தி வைத்தாய். ஆனால் அன்று சவப்பெட்டி இருந்தது, பெட்டிக்குள் ஆள் இருந்தாள். என்னிடம் என்ன இருக்கிறது? அக்டோபரில் உன் அண்ணன் தவறிப்போன செம்மறியைத் தேடி மலைமேல் சாம்பல் சரிவுக்குப் போனார். செம்மறி தானாகவே வீட்டுக்கு வந்தது. ஆள் வரவில்லை. அந்தச் செம்மறி இன்றைக்கும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

அவருடைய ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி கதவருகே ஆணியில்தான் தொங்குகிறது. பூசைக்குக் கிளம்பும்போது நான் கத்தக் கத்த, கத்தரிக்கோல் எடுக்காமல் நகத்தால் ஒரு கார்னேஷனைக் கிள்ளித் தொப்பியில் செருகுவாரே. இந்த வருடம் கத்தும் வேலை எனக்கு மிச்சம்.

பூச்சிக்கு மருந்து ஏதாவது சொல். நற்கருணைப் பவனி நம் வீட்டு வழியாகத்தான் போகும். பால்கனி மொட்டையாக இருந்தால் அப்போலோனியா அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பாள்.

உன் ஆரோக்கியத்துக்கு மாதாவிடம் சொல்லிவைத்திருக்கும்,
அண்ணி ஓட்டிலியா


வியன்னா,
மே 19, 1964

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் பரவாயில்லை. அப்பா மூச்சு வாங்காமல் இருக்கிறாரா? புகைக்குழாயைக் குறைக்கச் சொல்லுங்கள்.

குச்சிகளில் ஒன்றுதான் பிழைத்தது. கடையில் வாங்கிய புதுமண்ணில் வைத்து ஜன்னலில் நிறுத்தியிருக்கிறேன். மூன்றாவது மாடி, வெயில் நன்றாக வருகிறது.

கூன்வண்டுக்கு இறக்கை கிடையாது. முதுகின் மேல் ஓடுகள் இரண்டும் ஒன்றாக ஒட்டிப்போயிருக்கும், பறக்கவே முடியாது. எங்கே போனாலும் நடந்துதான் போக வேண்டும். நடந்து வருவதை நிறுத்தினால் போதும். ஒவ்வொரு தொட்டியையும் தண்ணீர் ஊற்றிய தட்டில் வையுங்கள். பால்கனித் தூண்களில் வண்டி மையைப் பட்டையாகத் தடவுங்கள். சாயங்காலம் தரையில் பலகைத் துண்டு போட்டுவைத்தால் விடிந்ததும் அதன் அடியில் ஒளிந்திருக்கும், பொறுக்கிவிடலாம். இலை தின்பது பெரியது, அது போகட்டும். அதன் புழுதான் மண்ணுக்குள் இருந்து வேரைத் தின்னும். மேலே பச்சையாகவே இருக்கும், ஒருநாள் கையோடு வந்துவிடும்.

இரண்டு மூன்றைத் தீப்பெட்டியில் போட்டு அனுப்புங்கள். கடைக்கு டாக்டர் போகோர்னி என்று ஒருவர் வருவார், வாழ்நாள் முழுக்க வண்டுகளோடு குடித்தனம் நடத்துபவர். காட்டிக் கேட்கிறேன்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

பிலோமினா


ஓபர்ஸ்டால்,
ஜூன் 2, 1964

அன்புள்ள பிலோமினா,

நீ நாலு வரியில் நலம் விசாரித்தாய், நானும் நாலு வரியில் சொல்கிறேன். மாமாவுக்கு மூச்சு வாங்கவில்லை, எனக்குத்தான் வாங்குகிறது. உன் அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை நீ. சரி, அதை விடு.

நீ சொன்னதெல்லாம் செய்தேன். வீட்டில் இருக்கும் தட்டு, சட்டி, பால் பாத்திரம் எல்லாம் இப்போது தொட்டிகளுக்கு அடியில். மாமா பார்லிக் கஞ்சியை வாணலியிலிருந்தே குடிக்கிறார், புகார் சொல்லவில்லை. தூண்களுக்கு வண்டி மை தடவினேன். பவனிக்குக் கட்டிய பட்டு ஏப்ரனிலும் தடவினேன், தெரியாமல். நற்கருணை என் வாசலைக் கடக்கும்போது நான் மண்டியிட்டேன், எழுந்திருக்கும்போது தூண் என்னோடு வந்தது. பங்குச் சாமியார் முகத்தை ஆகாயத்துக்குத் திருப்பிக்கொண்டார். இவ்வளவு பக்தியாக அவர் மேலே பார்த்து யாரும் கண்டதில்லை.

பவனி முடிந்து அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஓட்டிலியா, வின்சென்ஸ் ஆத்துமாவுக்கு ஒரு பூசை வெச்சிடலாமா? நீ சரின்னு சொன்னா போதும், நான் கட்டாயப்படுத்தல." யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை.

இப்போது விஷயம். மறுநாள் விடிந்து பார்த்தால், தட்டுகளில் தண்ணீர் அப்படியே, தூண்களில் மை அப்படியே. இலைகளில் புதுக் கடி. தண்ணீருக்கு நட்டநடுவில் இருக்கும் தொட்டியில் வண்டு உட்கார்ந்திருக்கிறது. நடந்துதான் வர வேண்டும் என்றாய். தண்ணீர்மேல் நடந்து வந்தவர் ஒருவரைத்தான் எனக்குத் தெரியும், அவர் இலை தின்றதாகச் சாமியார் ஒரு நாளும் சொல்லவில்லை.

தீப்பெட்டி இத்துடன். மூன்றும் செத்ததுபோல் நடிக்கும், நம்பாதே.

அண்ணி ஓட்டிலியா


வியன்னா,
ஜூலை 20, 1964

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கடையில் வேலை அதிகம். அப்பாவும் நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

டாக்டர் போகோர்னி பார்த்தார். பூதக்கண்ணாடியை வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"இது தோட்டத்து ஜாதி இல்லைம்மா. இது கடைசிப் புல்லுக்கும் மேல, கல்லடியில கிடக்கிறது. பனி உருகுற இடத்துல. கீழ யாரும் இதைப் பார்த்ததில்ல. எங்கேருந்து கிடைச்சுது?"

ஊர்ப் பெயரையும் வீடு இருக்கும் உயரத்தையும் சொன்னேன். மேலே கல்லும் பனியும் உள்ள இடம் எது என்று கேட்டார். சாம்பல் சரிவைச் சொன்னேன், வீட்டிலிருந்து மூன்று மணி நேர ஏற்றம் என்றேன். "இது ஆயுசு முழுக்க நடந்தாலும் ஒரு உருளைக்கிழங்கு வயலைத் தாண்டாதே" என்றார். பிறகு, "மேலேருந்து யாராவது கீழ வந்தாங்களா? துணியில, பையில ஒட்டிக்கிட்டு வரும்" என்றார்.

யாரும் வரவில்லை என்று சொன்னேன்.

இன்னொன்றும் சொன்னார். இந்த ஜாதியில் எல்லாமே பெண்தானாம். ஆணே கிடையாது, ஆண் இல்லாமலேயே குடும்பம் நடக்குமாம்.

வேருக்குப் புழு வராமல் இருக்க மேல்மண்ணை மாற்றி, மஞ்சள் பொத்தான்பூச் செடியைக் கொதிக்கவைத்த தண்ணீரை ஊற்றிப் பாருங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். இலைதான் போகிறதா, பூவும் போகிறதா? முக்கியமாக ஞாயிற்றுக்கிழமைகளில்?

பிலோமினா


ஓபர்ஸ்டால்,
ஜூலை 25, 1964

அன்புள்ள பிலோமினா,

நலம் விசாரிப்பதை இந்த ஒரு முறை விட்டுவிடுவோம். பூவைப் பற்றி நான் உனக்கு எழுதவே இல்லை. எப்படிக் கேட்டாய்?

எழுதாமல் இருந்ததற்குக் காரணம், எழுதினால் நான் யார் மாதிரி இருப்பேன் என்று எனக்குத் தெரியும். அப்போலோனியா மாதிரி. ஆனால் நீ கேட்டுவிட்டாய்.

ஆமாம், போகிறது. ஜூன் கடைசியில் பூக்கத் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் விடியும்போது ஒரு பூ இல்லை. பால்கனிக் கோடியில் தொங்குகிறதே அடர்சிவப்பு, அந்தத் தொட்டியில் மட்டும். தண்டு கடிபடவில்லை. நகத்தால் கிள்ளியிருக்கிறது. இருபத்தாறு வருடம் அந்தக் கிள்ளலைப் பார்த்துக் கத்தியவள் நான், எனக்குத் தெரியாதா?

முதலில் மாமாவைச் சந்தேகப்பட்டேன். அவர் அடுப்பறைக்குப் பக்கத்து அறையில் படுக்கிறார், மாடிப்படி ஏறி மூன்று வருடமாகிறது. பிறகு அப்போலோனியாவை. அவளுக்கு ஏணி வேண்டும், அந்த ஏணி தாங்க வேண்டும். அதனால் அவளும் இல்லை.

கீழே போய்த் தொப்பியைப் பார்த்தேன். பூ இல்லை. இருந்திருந்தால் இந்தக் கடிதம் வேறு விலாசத்திலிருந்து வந்திருக்கும், கம்பி போட்ட ஜன்னலுள்ள கட்டிடத்திலிருந்து.

ஆண் இல்லாமல் குடும்பம் நடத்தும் வண்டைப் பற்றி எழுதியிருந்தாய். அன்று அவற்றைப் பொறுக்கி நசுக்கப் போனேன், கை வரவில்லை. ஒரே நிலைமையில் இருக்கிறோம். கோழிகளுக்குப் போட்டேன். அவையும் தின்னவில்லை, பின்வாங்கி நின்றன. நம் கோழிகள் செருப்புத் தோலையே தின்பவை.

எப்படிக் கேட்டாய், சொல்.

ஓட்டிலியா


வியன்னா,
ஆகஸ்ட் 6, 1964

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

நலம். இங்கே வெயில் கடுமை, டிராமில் ஆட்கள் மயங்கி விழுகிறார்கள்.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் பூக் கிள்ளுவது ஊருக்கே தெரிந்த விஷயம். அதனால் கேட்டேன், வேறொன்றுமில்லை.

மாதா விண்ணேற்புத் திருநாள் வருகிறது. மந்திரித்த மூலிகைக் கட்டைப் பால்கனியில் புகை போட்டுப் பாருங்கள். பூசை விஷயமாகச் சாமியாரிடம் சீக்கிரம் பேசிவிடுங்கள். அல்லது வேண்டாம். உங்கள் இஷ்டம்.

முழங்கால் இப்போது பரவாயில்லை. தூக்கம்தான் சரியில்லை.

பிலோமினா


ஓபர்ஸ்டால்,
ஆகஸ்ட் 30, 1964

என் அருமை பிலோமினா,

இன்றைக்கு எல்லோரும் நலம். நான் ரொம்ப நலம். வண்டு எப்படி வந்தது என்று கண்டுபிடித்துவிட்டேன். உன் டாக்டரிடம் போய்ச் சொல், மேலேயிருந்து ஒருவர் கீழே வந்துகொண்டுதான் இருக்கிறார், அவருக்கு வயது எண்பத்தொன்று.

நேற்றுத் துணி துவைக்க மாமாவின் கால்சட்டையை உதறினேன். மடித்துவிட்ட அடிமடிப்பிலிருந்து சாம்பல் நிறக் கல்தூள் கொட்டியது, அதோடு நாலு கூன்வண்டு. நாலும் செத்ததுபோல் கிடந்தன. துவைக்கிற கல்லில் உட்கார்ந்து சிரித்தேன், கண்ணில் நீர் வருகிற அளவுக்கு. பிறகு அவர் முன்னால் போய்க் கால்சட்டையைப் பிடித்தேன்.

"மாமா, எங்க போறீங்க தினமும்?"

"ஆடு பாக்க."

"ஆடெல்லாம் கொட்டகைக்குப் பின்னால மேயுது."

"அங்கயும் பாத்துட்டுத்தான் போறேன்."

"சாம்பல் சரிவுக்கா? இந்தக் காலை வெச்சுக்கிட்டா?"

குழாயை வாயிலிருந்து எடுத்தார். "பாதி வழிக்கு மேல தவழ்ந்துதான் போறேன். எறங்கும்போது உக்காந்து எறங்குறேன். அதான் கால்சட்டை இந்தக் கதி."

"பூசை வெச்சிடலாம்னு சாமியார் சொல்றாரு. பூவுக்குச் சொல்லிடுன்னு ஊரே சொல்லுது. நீங்க என்ன சொல்றீங்க?"

"நீ பூவுக்குச் சொல்லிட்டா, அப்புறம் நான் எதுக்கு மேல போறது?" என்றார்.

கையிலிருந்த கால்சட்டையை மறுபடி ஒரு முறை உதறினேன். ஞாயிற்றுக்கிழமை பூவைக் கிள்ளுவது நீங்கள்தானே என்று மட்டும் கேட்டேன்.

"எனக்கெதுக்குப் பூ? என் தொப்பியில கழுகு இறகு இருக்கு."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் கேட்கவில்லை என்று வைத்துக்கொள். வண்டுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. மடிப்பிலிருந்து விழுந்தது சுவரேறியிருக்கும். தட்டுத் தண்ணீரை எப்படியோ தாண்டியிருக்கும். இனிமேல் கால்சட்டையை வாசலிலேயே உதறிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறேன்.

மூலிகைப் புகையும் போட்டேன். வண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்கு இரண்டு நாள் இருமல்.

நன்றாகத் தூங்கு, பெண்ணே. கவலை தீர்ந்தது.

உன் அண்ணி


ஓபர்ஸ்டால்,
அக்டோபர் 8, 1964

அன்புள்ள பிலோமினா,

ஆகஸ்டில் எழுதியதற்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. அப்படி ஒரு நல்ல செய்திக்கு ஒரு வரி எழுதக் கூடாதா? உடம்பு சரியில்லையா?

இங்கே மாமா நலமில்லை. செப்டம்பர் பாதியில் கொட்டகைப் படியில் வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டார். அன்றிலிருந்து மாவுக்கட்டோடு அடுப்பறைக்குப் பக்கத்து அறையில் கிடக்கிறார். பூட்ஸையும் கால்சட்டையையும் அலமாரியில் பூட்டிவிட்டேன். சட்டையோடும் கம்பளியோடும் இருக்கும் மனிதர் மலையேற மாட்டார் என்று நம்பினேன். ஏறவும் இல்லை.

செப்டம்பர் கடைசியில் மேலே பனி விழுந்தது. சாம்பல் சரிவு வெள்ளையாகிவிட்டது. அந்தப் பூச்சிகளெல்லாம் பனிக்கடியில். முந்தாநாள் இங்கேயும் விழுந்தது. காலையில் பால்கனிக்குப் போனேன். கைப்பிடியில் பனி, தரையில் பனி, ஒரு குருவி நடந்த தடம்கூட இல்லை. கோடித் தொட்டியில், இலைமேல், ஒரு கூன்வண்டு. புதுக் கடி. பனிமேல் ஒரு பிடி சாம்பல் கல்தூள், யாரோ கையைத் தட்டிவிட்டதுபோல்.

வண்டை எடுத்தேன். காலை மடக்கிக்கொண்டது. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றேன், எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. சூடு ஏறியதும் மெதுவாகக் காலை நீட்டி, மூக்கைத் தூக்கி, என்னைப் பார்த்தது. எனக்குப் பயமாக இல்லை பிலோமினா. அதுதான் பயமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பூவும் போயிற்று.

நீ சொன்னது நடந்தும்விட்டது. நிலவறைக்கு எடுத்துப்போகத் தூக்கிய தொட்டிகளில் மூன்று செடி கையோடு வந்தன. மேலே பச்சையாகச் சிரித்துக்கொண்டிருந்தன, கீழே வேர் என்ற பேச்சே இல்லை. உன் அம்மாவின் கல்யாணத்துக்கு அவள் அம்மா கொண்டுவந்த செடி. குளிர்காலத்துக்குள் எல்லாம் போய்விடும்போல் இருக்கிறது.

சாமியார் நேற்று வீட்டுக்கே வந்தார். கல்லறைத் திருநாளில் வின்சென்ஸுக்குப் பூசை, சரியா இல்லையா, இந்த முறை பதில் வேண்டும் என்றார். சொன்னால் செடிகள் பிழைக்கும் என்கிறார்கள். சொன்னால் அவர் வருவது நின்றுவிடும் என்றும் அதே ஆட்கள்தான் சொல்கிறார்கள். ஒன்றை நம்பினால் இன்னொன்றையும் நம்பத்தானே வேண்டும்?

இதை யாரிடம் கேட்பது? எதற்கும் சிரிப்பாள் என்று ஊர் முழுக்க நினைக்கிற பெண்ணிடம் யாரும் நின்று பதில் சொல்வதில்லை. நீ சொல்.

ஓட்டிலியா


வியன்னா,
அக்டோபர் 20, 1964

அண்ணி,

அப்பாவின் கால் தேறியிருக்கும் என்று நம்புகிறேன். நான் உடம்பால் நலம்.

பதில் எழுதாததற்குக் காரணம், உங்கள் ஆகஸ்ட் கடிதம் சந்தோஷமாக இருந்தது. அதைக் கெடுக்க மனம் வரவில்லை. அப்பாவின் கால்சட்டை உங்கள் பால்கனிக்கு விளக்கம் சொல்லும். என் ஜன்னலுக்குச் சொல்லாது.

ஜூலை தொடக்கத்தில் என் செடியின் இலையில் கடி பார்த்தேன். மூன்றாவது மாடி, வழுவழுப்பான சுவர், கீழே டிராம் போகும் தெரு. மண் கடையில் வாங்கியது. நீங்கள் அனுப்பியது வேரில்லாத குச்சி, பாசியைக் கழுவித்தான் நட்டேன். நீங்கள் தீப்பெட்டியில் அனுப்பிய மூன்று வண்டுகளும் டாக்டரிடமே இருக்கின்றன. செடியில் மூன்று மொட்டு வந்தது. முதல் பூ விரிந்த ஞாயிறு காலை அது இல்லை. அடுத்த ஞாயிறு அடுத்தது. அதன் பிறகுதான் உங்களிடம் கேட்டேன். உங்கள் பதில் வந்ததும், சொல்லத் தைரியம் வரவில்லை.

ஜன்னல் விளிம்பில் சாம்பல் தூள் இருக்கும். நான் துடைப்பேன். மறுபடி இருக்கும்.

என் ஜன்னலில் பிடித்த வண்டையும் தீப்பெட்டியில் போட்டு டாக்டர் போகோர்னியிடம் காட்டினேன். "அதேதான், உங்க ஊர்ச் சரக்குத்தான்" என்றார். அது எங்கே கிடைத்தது என்று அவரிடம் சொல்லவில்லை.

அண்ணன் இருபது வருடமாக ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எழுதுவார், 'அடுத்த வருஷம் வியன்னாவுக்கு வந்து உன் வீட்டைப் பார்க்கிறேன்' என்று. மாடு கன்று போடும், வைக்கோல் நனையும், வரமாட்டார். நானும் ஊருக்கு வரவில்லை. போன வருடத்திலிருந்து வராததற்குக் காரணம் வேறு. வந்து அந்த வீட்டில் அவர் இல்லாததைப் பார்த்தால் முடிந்துவிடும் என்று இருந்தது.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: சொல்லிவிடுங்கள் அண்ணி. செடிகள் என்ன பாவம் செய்தன? அண்ணனுக்கும் கால் வலிக்கும்.

பிலோமினா


ஓபர்ஸ்டால்,
நவம்பர் 5, 1964

என் அருமை பிலோமினா,

மாமா கோலூன்றி நடக்கிறார், பசிக்கிறது என்கிறார், ஆகவே நலம். நானும் நலம். இதைப் படித்துவிட்டு நீயும் நலமாக இரு.

உன் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டுச் சாமியாரிடம் போய்ச் சரி என்றேன். அவர் அழுதார். நான்தான் தேற்றினேன். வின்சென்ஸ் அவரோடு சீட்டாடித் தோற்ற ஒரே ஆள், இனி அவர் யாரை ஜெயிப்பார்?

மாமாவிடம் சொன்னேன். "சரி, பூட்ஸைக் குடு" என்றார். பயந்துபோனேன். "பூசைக்குப் போகத்தாண்டி" என்றார். அவர் என்னை டி போட்டது இதுதான் முதல் முறை.

கல்லறைத் திருநாள் காலை, மணி அடிப்பதற்கு முன் தொடங்கினேன். முதலில் மாடுகள். கொட்டகைத் தூணை மூன்று முறை தட்டி, "வீட்டுக்காரர் போய்ட்டார்" என்றேன். மூன்று பசுக்கள் அசைபோட்டுக்கொண்டிருந்தன. நாலாவது நிறுத்தி, திரும்பிப் பார்த்து, மறுபடி தொடங்கியது. அந்தச் செம்மறியிடமும் சொன்னேன். அது முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தது. தேன்கூட்டுப் பெட்டியில் காதை வைத்துச் சொன்னேன். உள்ளே ரீங்காரம் ஒரு கணம் ஏறியது, பிறகு அடங்கியது. அவ்வளவுதான். முதல் முறை சொல்வதுதான் கஷ்டம் என்றிருந்தேன். இல்லை, ஒவ்வொரு முறையும் அதே கஷ்டம்.

பிறகு பூக்கள். நிலவறையில் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றையும் தட்டி, சொல்லி, ஒரு விரலளவு நகர்த்தினேன். பாதியில் அப்போலோனியா வந்து படியில் நின்றாள். ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். இறங்கி வந்து, நான் தட்டியதும் அவள் நகர்த்தினாள். கனமான தொட்டிகளை அவளே எடுத்துக்கொண்டாள். இனி அவளைப் பற்றி உனக்கு எழுத எனக்குக் கூச்சமாக இருக்கும். எழுதாமலும் இருக்க மாட்டேன்.

மூன்று நாள் ஆகிறது. மண்ணைக் கிளறிப் பார்த்தேன், புழு இல்லை. இலையில் புதுக் கடி இல்லை. ஒரு செடி துளிர்கூட விட்டிருக்கிறது, நவம்பரில், நிலவறை இருட்டில்.

அப்போலோனியா போன பிறகு மாடிக்குப் போனேன். கோடித் தொட்டி, அந்த அடர்சிவப்பு, அது மட்டும் பால்கனியில் இருந்தது. கடைசியாக எடுத்துப்போகலாம் என்று வைத்திருந்தேன். தட்டுவதற்குக் கையைத் தூக்கினேன். அதில் ஒரு மொட்டு இருந்தது, பிலோமினா. பனிக்குள், இறுக்கமாக, நுனியில் சிவப்பு தெரிந்தது.

அதற்கு நான் சொல்லவில்லை.

அடியில் இருந்த தட்டை எடுத்துவிட்டேன். தூணில் இருந்த வண்டி மையை வெந்நீர் ஊற்றித் துடைத்துவிட்டேன். செடிமேல் தேவதாருக் கிளை போட்டு மூடியிருக்கிறேன், எடுக்க வேண்டுமென்றால் ஒரு கை போதும். வண்டு அதைத் தின்னட்டும். ஒரு செடியை நான் கொடுத்துவிட்டேன் என்று வைத்துக்கொள்.

மாமா கீழேயிருந்து கேட்டார், "எல்லாத்துக்கும் சொல்லிட்டியா?"

"எல்லாத்துக்கும்" என்றேன்.

அவர் குழாயைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "ஞாயித்துக்கிழமைக்குள்ள மாடிக் கதவுத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போடணும், கிரீச்சுங்குது" என்றார்.

உன் ஜன்னல் தொட்டிக்கு நீ சொல்லிவிட்டாயா? சொன்னாய் என்றாலும் சொல்லவில்லை என்றாலும் எனக்கு எழுத வேண்டாம். உன் முழங்காலைப் பற்றி எழுது.

உன் அண்ணி ஓட்டிலியா


வியன்னா,
டிசம்பர் 9, 1964

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்து மனம் நிறைந்தது. அப்பாவுக்கு என் முத்தம். அப்போலோனியா அக்காவுக்கு வணக்கம். முழங்கால் வலி குளிரில் கொஞ்சம் கூடியிருக்கிறது, கடையில் மூட்டை மேல் உட்காரத் தொடங்கிவிட்டேன், முதலாளி பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை.

இங்கே கடும் பனி. ஒரு உதவி வேண்டும். நம் வீட்டுப் பரணில் இருக்கும் தடித்த ஆட்டுக்கம்பளியை அனுப்ப முடியுமா? சனிக்கிழமை இரவுகளில் என் அறை ரொம்பக் குளிர்ந்துவிடுகிறது. ஜன்னலைத் திறந்து வைப்பதால்.

உங்கள் பிலோமினா